ஒன்பதாம் இடத்துச் சாம்பல்

ஆர்வில் ஹாக்லண்ட் மண்டியிட்டு, வலது புறங்கையைச் சாம்பலுக்குள் செருகித் துழாவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மண்வெட்டி, காலியான தண்ணீர் வாளி. ஒன்பதாம் இடத்தில் தங்கியிருந்த தாயும் மூன்று பிள்ளைகளும் அப்போதுதான் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். இந்தச் சுற்றுலா முகாமிலிருந்து யார் போனாலும் அவர்களுடைய தீக்குழியை ஆர்வில்தான் சோதிப்பார். தண்ணீர் ஊற்றுவார், அடி வரைக்கும் கிளறுவார், பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் தொட்டுப் பார்ப்பார். இந்த மூன்றில் ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை.

"செத்துப்போச்சு" என்று சொல்லி எழுந்து பதிவேட்டில் நேரம் எழுதினார். பதினொன்று பத்து.

நான் களை மூட்டையை இழுத்துக்கொண்டு அந்த வழியாக வந்தேன்.

"என்ன நர்ஸம்மா, இப்படி மூச்சு வாங்குது? ஆக்சிஜன் சொல்லி அனுப்பவா?"

"நர்ஸ் இல்ல, நர்ஸுக்குக் கையாள். எட்டு வருஷமா சொல்றேன், உன் மண்டையில ஏறல."

"கையாள்னா இன்னும் பயமா இருக்கு, வில்மா. ஊசிக்குப் பதிலா கையால குத்துவியே."

ஆர்விலுக்கு வயது எழுபத்து நான்கு. மொன்டானாவின் வடமேற்கு மூலையில் ஒரு மர அறுவை ஆலையில் முப்பத்தாறு வருடம் ரம்பப் பற்களைத் தீட்டியவர். ஆலையை மூடினார்கள், ஊர் பாதியானது, வீட்டை விற்றார்கள். அவரும் மனைவி இர்மாவும் இருபத்தெட்டு அடி வீட்டு வண்டி ஒன்றை வாங்கி அதிலேயே குடியேறினார்கள். குளிர்காலத்தை அரிசோனாப் பாலைவனத்தில் கழிப்பார்கள். மே மாதம் பிறந்ததும் நாற்பது மைல் சரளைப் பாதையில் உருண்டு இந்த மலைக்காட்டுக்கு வந்துவிடுவார்கள். முகாமைப் பார்த்துக்கொள்ளும் தொண்டுக்குச் சம்பளம் கிடையாது. வண்டி நிறுத்த இடம், தண்ணீர், மின்சாரம், முதுகில் 'முகாம் பொறுப்பாளர்' என்று எழுதிய பச்சை மேல்சட்டை, அவ்வளவுதான். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டால் அவர் இரண்டு அங்குலம் உயர்ந்துவிடுவார்.

நானும் அதே வகைதான். முதியோர் இல்லத்தில் முப்பத்தொரு வருடம் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், புரட்டிப் படுக்க வைத்தேன். இப்போது இழுவை வண்டியில் வந்து காட்டுக்கு ஆகாத களையைப் பிடுங்குகிறேன். களை எதிர்த்துப் பேசாது.

அது ஆகஸ்ட். ஏழு வாரமாக மழை இல்லை. இரண்டு மணிக்குக் காற்று கிளம்பியது. நான் கருவிகளைக் கழுவப் போகும் வழியில் ஒன்பதாம் இடத்தில் புகையைப் பார்த்தேன். தீக்குழிக்குப் பின்னால் கட்டில் அகலத்துக்குப் புல் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு நான்கடி தள்ளிக் காய்ந்த ஊசியிலைக் குவியல், அதன் மேல் மரம். நான் கத்தினேன். ஆர்வில் வாளியோடு ஓடி வந்தார். இர்மா கழிப்பறை கழுவும் ரப்பர் குழாயை அங்கிருந்து இழுத்து நீட்டினாள். மூன்று கிழடுகளும் மண்ணைப் போட்டு, மிதித்து, நனைத்து அணைத்தோம். ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அன்று முகாமில் பதினெட்டுக் குடும்பங்கள். வெளியேற ஒரே பாதை.

"திரும்பி வந்து மூட்டியிருக்காங்க!" ஆர்விலின் முகம் சிவந்துவிட்டது. "நான் தொட்டுப் பாத்தேன். ஐஸ் மாதிரி இருந்துச்சு. போற போக்குல எதையோ சுட்டுத் தின்ன திரும்ப வந்திருக்காங்க, அறிவு கெட்டதுங்க!"

நானும் சேர்ந்து திட்டினேன். அவரைவிட மோசமாக. அந்தத் தாய் காலையில் பிள்ளைகளோடு பாத்திரம் பாத்திரமாகத் தண்ணீர் சுமந்து குழியில் ஊற்றியதை என் கண்ணால் பார்த்திருந்தும் திட்டினேன். ஆர்வில் அவர்களுடைய வண்டி எண்ணைப் பதிவேட்டில் எழுதி, கம்பியில்லாக் கருவியில் வன அலுவலகத்துக்குச் சொன்னார். ஜோலீன் என்ற அதிகாரி மறுநாள் காலை வந்து புகாரை வாங்கிக்கொள்வதாகப் பதில் வந்தது. அந்தக் குடும்பத்தின் மேல் வழக்கு நிச்சயம்.

ஆர்விலின் வீட்டு வண்டிக்குள் காப்பி குடிக்க உட்கார்ந்தோம். ஆர்வில் அடுப்பிலிருந்து இறக்கிய தகரக் கோப்பையை, காதைப் பிடிக்காமல், வெறும் கையால் சுற்றிப் பிடித்திருந்தார். எனக்கு வைத்த கோப்பையை நான் விரல் நுனியால்கூடத் தொட முடியவில்லை.

"கையைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுன்னா காட்டு."

புறங்கை முட்டிகளில் வரிசையாகக் கொப்புளங்கள். சில காய்ந்தவை, இரண்டு அன்றைக்கு வந்தவை, உள்ளே நீர் கோத்து நின்றன.

"இது வலிக்கலையா?"

"எது?"

சர்க்கரை நோய்க்கு அவர் மாத்திரை போடுவது எனக்குத் தெரியும். "கண்ண மூடு. நான் தொடுறப்பல்லாம் 'ஆமா'ன்னு சொல்லு" என்றேன். மேசையில் கிடந்த காகிதக் கைத்துடைப்பானைத் திரித்து முனையாக்கினேன். சுண்டுவிரல், மோதிர விரல், முட்டி, முட்டிக்குக் கீழே என்று ஒவ்வொன்றாகத் தொட்டேன்.

அவர் கண்ணை மூடியபடி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ன நர்ஸம்மா, தூங்கிட்டியா? ஆரம்பி."

நான் ஆறாவது முறை தொட்டுக்கொண்டிருந்தேன்.

இர்மா அடுப்பை அணைத்தாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை. அந்த முதுகு எனக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியும்" என்றேன்.

"ஜூன்லயே தெரியும். பான்கேக் சுடுற கல்லுல கையை ஊனிக்கிட்டு நின்னு கதை பேசினான். தோல் கருகுற நாத்தம் வந்து நான்தான் இழுத்துவிட்டேன்."

"தெரிஞ்சும் அந்தக் கையைச் சாம்பல்ல விட அனுப்பினியா? பதினெட்டுக் குடும்பம் இருக்கு இர்மா இங்க!"

"கத்தாதே. சொன்னா சட்டையைப் புடுங்குவாங்க. அப்புறம் நாங்க வண்டியை எங்க கொண்டுபோய் நிறுத்துறது, உன் தலையிலயா? நீ முப்பது வருஷம் என்ன பண்ணின? கிழவனுங்க கையில இருந்து கார் சாவியைப் புடுங்கின. கத்தியைப் புடுங்கின. இப்ப எங்க வீட்டுக்கு வந்துட்ட."

"புடுங்கினேன். அதனால ரோட்டுல நாலு பேர் உயிரோட நடக்கிறாங்க."

ஆர்வில் கண்ணைத் திறந்திருந்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "வெளிய போ" என்றார். சத்தம் போடாமல் சொன்னார்.

"போறேன். காலையில ஜோலீன் வருவா. அந்தப் பொம்பள தீ வைக்கலன்னு நீ சொல்லணும். நீ சொல்லலன்னா நான் சொல்வேன்."

கதவு என் பின்னால் அறைந்து சாத்தப்பட்டது. எனக்கு உட்கார்ந்து வருத்தப்பட நேரம் இல்லை. அன்று காலை அவர் 'செத்துப்போச்சு' என்று சொன்ன குழிகள் இன்னும் நான்கு இருந்தன. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றையும் தோண்டினேன். மூன்று குளிர்ந்திருந்தன. பதினான்காம் இடத்தில், ஒரு சாண் ஆழத்தில், என் கை சுட்டு நான் கெட்ட வார்த்தை சொன்னேன். யாரைச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவரையா, இர்மாவையா, இரண்டு மாதமாக அவர் கையை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த என்னையா. பார்ப்பதுதான் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே வேலை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜோலீனின் வண்டி வந்து நின்றது. முப்பது வயதிருக்கும். தூங்காத கண்கள், வேறு எங்கோ தீயணைத்துவிட்டு நேராக வந்திருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் ஆர்வில் படியிறங்கி வந்துவிட்டார்.

"அந்த வண்டி நம்பரை அடி" என்றார். "அவங்க ஒண்ணும் பண்ணல. நான்தான். என் கைக்குச் சூடு தெரியல. இவதான் கண்டுபிடிச்சா, அந்தப் பெருமையை இவளுக்கே குடு."

ஜோலீன் பதிவேட்டை வாங்கி அந்த வரியைக் குறுக்கே அடித்தாள், பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டாள்.

"டாக்டர் பாத்து எழுதிக் குடுக்கிற வரைக்கும் நீங்க குழியைத் தொடக்கூடாது. மேல்சட்டையை நான் வாங்கிக்கணும். மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பை நீயே வச்சுக்க" என்று கழற்றி அவள் மேல் எறிந்தார்.

அது அவள் காலடியில் விழுந்தது. இர்மா வந்து எடுத்தாள், தூசி தட்டினாள், தானே போட்டுக்கொண்டாள்.

"புதுப் படிவம் இருக்கா, பொண்ணே?"

"இர்மா..." என்றார் ஆர்வில்.

"நீ வாயை மூடு. எட்டு வருஷமா கக்கூஸ் கழுவறது நான், பேரு உனக்கு. படிவத்துல 'துணை'ன்னு போட்டிருக்கு எனக்கு. துணையாம்!" ஜோலீனிடம் திரும்பினாள். "ஜூன்ல இருந்து எனக்குத் தெரியும், நான் சொல்லல. அதையும் எழுதிக்க. எழுதிட்டு, வேணும்னா என்னைப் பொறுப்பாளரா எடுத்துக்க, வேணாம்னா இன்னைக்கே சொல்லு, வண்டியைக் கிளப்பறோம்."

ஜோலீன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தன் வண்டிக்குப் போய் படிவத்தோடு வந்தாள். "முடிவு என் கையில இல்ல. அலுவலகத்துல கேக்கணும். அது வரைக்கும் முகாமை நீங்க பாத்துக்கங்க. ஒவ்வொரு குழியையும் ரெண்டு பேர் தொடணும், ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்." வண்டியின் முன் மூடி மேல் வைத்து இர்மா கையெழுத்திட்டாள். பேனா காகிதத்தைக் கிழித்தது.

நான் ஆர்விலைப் படியில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றார். தோளை அழுத்தி உட்கார வைத்தேன். சர்க்கரையில் கை இப்படி மரத்திருந்தால் கால் அதற்கு முன்பே மரத்திருக்கும் என்பது எந்தக் கையாளுக்கும் தெரியும். பூட்ஸைக் கழற்றினேன். காலுறை பெருவிரலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு ஊற வைத்துப் பிரித்தேன். உள்ளே ஒரு சரளைக் கல். எத்தனை நாளாக அதன் மேல் நடந்தாரோ, அடிப்பாதத்தில் நாலணா அகலத்துக்குக் குழி விழுந்திருந்தது.

"அங்க என்ன இருக்கு?" என்று கேட்டார், மரங்களைப் பார்த்துக்கொண்டே.

"உன் கொழுப்பு" என்றேன். புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு, என் வண்டியில் ஏற்றினேன். மருத்துவமனைக்கு நாற்பது மைல் சரளைப் பாதை. வழியெல்லாம் அவர் பேசியது நான் வளைவில் திருப்பும் லட்சணத்தைப் பற்றி மட்டும்தான்.