மலையில் நிறுத்தக் கூடாத கார்

கல்லூரிக் காலத்திலிருந்தே, இரண்டே கதவு வைத்துத் தரையை உரசிக்கொண்டு போகிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேண்டும் என்பது என் ஆசை. புதிதாக வாங்க இந்த ஜென்மத்தில் எனக்கு வக்கில்லை. பழையதைத் தேடினேன். ஊரே வேண்டாமென்று ஒதுக்கிய மாடல்தான் கிடைத்தது. ஏற்றத்தில் எஞ்சின் சீக்கிரம் கொதிக்கும்; சூட்டோடு நின்றுவிட்டால் ஆறும்வரை கிளம்பாது. இணையத்தில் இதைப் பற்றிப் புலம்பாதவர்கள் இல்லை. எனக்கோ கொல்லிமலையில் தோட்டக்கலைத் துறை உத்தியோகம், மலைமேல் செம்மேட்டில் குவார்ட்டர்ஸ். வேலையாக அடிக்கடி கீழே இறங்க வேண்டும்; கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டாமல் வீடு போய்ச் சேர முடியாது.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சுங்களா?" என்றாள் மனைவி. ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வாழ்க்கையில் எதையும் வாங்க முடியாது. நான் வாங்கினேன்.

விற்றவர் காளப்பநாயக்கன்பட்டிக்காரர், மரவள்ளிக் கிழங்கு வியாபாரி. மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன வண்டி அது. பெரிய வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார். கூடத்துச் சுவரில் அவர் மனைவியின் படம், மாலையின் பூ இன்னும் வாடவில்லை.

காரின் பக்கத்து இருக்கையில் ஆட்டுக்கல் குழவி ஒன்று சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

"ஏனுங்க, இது எதுக்குங்க?"

"மலைக்குத் தனியாப் போறப்ப பக்கத்து சீட்டு காலியா இருக்கக் கூடாதுங்க. எங்க ஆளுங்க ஒரு பூசணிக்காயயாச்சும் ஏத்திக்குவாங்க. எடுத்துறாதீங்க சாமி."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏற்கெனவே மூச்சு வாங்குகிற எஞ்சினுக்கு இந்தப் பாரம் வேறா? குழவியைத் தூக்கி அவர் வாசலிலேயே இறக்கி வைத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மலையில எங்கியும் நிறுத்தீராதீங்க. நானும் ஒருநாளும் நிறுத்துனதில்லீங்க. அப்படி நின்னே போச்சுன்னா, எனக்கு ஒரு போன் போடுங்க."

அடிவாரம் தாண்டி முதல் வளைவில் திரும்பியபோதே மணி அடிக்க ஆரம்பித்தது. டிங், டிங், டிங். பக்கத்து இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. இருக்கையில் என் தண்ணீர் பாட்டில்கூட இல்லை. நிறுத்திப் பார்க்கவும் பயம், நின்றால் கிளம்பாதே. நாலைந்து வளைவுகள் அந்தச் சத்தத்தோடு ஏறினேன். பிறகு பொறுக்க முடியாமல், நேரான இடம் வந்ததும் ஒரு கையால் அந்தப் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன். சத்தம் நின்றது. ஆளில்லாத இருக்கைக்குப் பெல்ட் போட்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

சேந்தமங்கலத்து மெக்கானிக் இருக்கையைக் கழற்றி ஒயர்களைப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை என்றார். அவர் பட்டறையில் அது ஒருமுறைகூட அடிக்கவில்லை. மலை இறங்கும்போதும் அடிக்காது. ஏறும்போது மட்டும்தான்.

அதனால் ஏறும்போதெல்லாம் முதல் வளைவிலேயே பெல்ட்டை மாட்டிவிடுவது பழக்கமாயிற்று. காலி இருக்கையில் மாட்டிய பெல்ட் தளர்ந்து படிந்து கிடக்க வேண்டும். இது சற்று முன்தள்ளி, வளைவாக நிற்கும். ஏறும்போது என் பக்கத்துக் கண்ணாடி தெளிவாக இருக்கும், அந்தப் பக்கத்துக் கண்ணாடி மட்டும் உள்ளே வேர்த்துப் போயிருக்கும். ஒருநாள் என்னையறியாமல், "ஏசி குளிருதுங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு மேலே போய்ச் சேரும்வரை என் கழுத்து அந்தப் பக்கம் திரும்பவில்லை. பயந்தேன் என்று சொல்ல வெட்கமில்லை.

சாயங்காலமானால் கார் விற்ற பெரியவர் தவறாமல் போன் செய்வார். ஒரே கேள்விதான். "இன்னிக்கு எங்கியாச்சும் நின்னுச்சுங்களா?" விற்ற வண்டி திரும்பி வந்துவிடுமோ என்று பயப்படுகிறார் போலும் என எரிச்சலாக இருக்கும். "நிக்கலீங்க" என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிடுவேன். "செரிங்க" என்பார். அந்தக் குரலில் நிம்மதி இருக்காது.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள், பொழுது சாய்கிற வேளை. பாதி மலையிலேயே மூடுபனி இறங்கிவிட்டது. எஞ்சின் கொதிக்கவே இல்லை. சூடு காட்டும் முள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, எடப்புளி நாட்டு மலைக்கிராமங்களின் பக்கம் ஒற்றையடிப் பாதை பிரிகிற வளைவில், கார் தானாக அணைந்தது. பின்னால் உருள ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தேன், எஞ்சின் அணைந்ததில் அது கட்டைபோல் இறுகிவிட்டது. ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். பின் சக்கரம் தடுப்புச் சுவரில் முட்டி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் பனி.

என் மூச்சு அடங்கியதும் பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். மாட்டியிருந்த பெல்ட் கழன்று, மெதுவாக, ஒரு கை பிடித்து விடுவதைப்போல் மேலே ஏறிப் போய்ச் சுருண்டது.

பெரியவருக்குப் போன் செய்தேன். "நின்னுருச்சுங்க" என்றேன்.

"எங்கீங்க?"

வளைவைச் சொன்னேன். பாதையையும் மணியையும் பெல்ட்டையும் சொன்னேன்.

"அது எம் பொஞ்சாதி பொறந்த ஊட்டுக்குப் போற பாதைங்க. அவ எடப்புளி நாட்டுக்காரி. கெழங்கு பாக்கப் போறப்பல்லாம் கூட வருவா. அந்த எடத்துல, 'ஒரு நிமிசம் நிறுத்துங்க, அம்மாவப் பாத்துட்டு வாரேன்'னு சொல்லுவா. வண்டி நின்னாக் கெளம்பாதுன்னு சொல்லி நான் நிறுத்துனதே இல்லீங்க. அவ செத்ததுக்கு அப்பறமும் அந்த மணி அடிச்சுதுங்க. கேக்க முடியாம அந்தக் குழவிக் கல்லைத் தூக்கி வெச்சுப் பெல்ட்டப் போட்டேன். அவ உக்கார எடமில்லாமப் பண்ணிப்போட்டேனுங்க."

அழுதார். அழுகை நின்றதும் கேட்டார்:

"கதவு சாத்தியிருக்குதுங்களா?"

"ஆமாங்க."

"அதத் தொறக்க அவளுக்குத் தெரியாதுங்க. எப்பவும் நாந்தான் தொறந்து விடுவேன். ஒருக்கா தொறந்து விடுங்க சாமி."

இறங்கிக் காரைச் சுற்றிப்போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தேன். பாதையில் ஈரப் புல் ஒதுங்கும் சத்தம் தொலைவில் அடங்கும்வரை, கதவைப் பிடித்துக்கொண்டு ஓரமாக வழிவிட்டு நின்றேன்.