திறந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை

மலேசியாவில், கிள்ளானில், எங்கள் வீட்டுக்கு யாராவது வருவதாக இருந்தால் முதலில் போன் வரும். "வீட்ல இருக்கீங்களா, வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் குடிவந்த இரண்டாம் நாள் காலை, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வெளியே வந்தால், என் சமையலறையில் ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். அடுப்பில் இருந்த சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, பூண்டு இல்லாம ரசம் வெக்கற?" என்றார்.

அவர்தான் பக்கத்து வீட்டு அக்கா. வீட்டுக்காரர் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அக்கா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது தெருவில் பாதிப் பேரை நிறுத்தி விசாரித்துவிட்டுத்தான் வீடு சேருவார். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு, அந்த மூடியைப் பிடுங்கி வைத்திருப்பேன். வந்த ஊரில் இரண்டாம் நாளே சண்டை வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து கதவை உள்ளே தாழ் போட்டேன்.

தமிழ்நாட்டுக்குப் போவதை வெளிநாட்டுக்குப் போவதாகவே நான் நினைக்கவில்லை. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மலேசியாவில் இருந்தாலும் நான் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். பாலர் பள்ளியில் குழந்தைகளுக்கு அனா, ஆவன்னா சொல்லிக்கொடுத்தவள். என் கணவர் திருவிடந்தைக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்துக்காரர். கிள்ளானில் ஏசி மெக்கானிக்காக வேலை பார்க்க வந்து என்னைக் கட்டிக்கொண்டவர். போன ஆண்டு ஈசிஆர் சாலையில் ஒரு ஓட்டலில் அவருக்கு வேலை கிடைத்ததும் ஊருக்குத் திரும்பலாம் என்று ஆரம்பித்தார். நான் சம்மதிக்க ஒரு நிபந்தனை போட்டேன். ஒரு வருடம் இருந்து பார்ப்பேன், மனசு ஒட்டவில்லை என்றால் எட்டு வயது மகளோடு மூவருமாகத் திரும்பிவிட வேண்டும். அவரும் தலையாட்டினார். என் தங்கை இன்னும் அதே பாலர் பள்ளியில்தான் வேலை செய்கிறாள். அடுத்த ஆண்டு ஜனவரியில் பள்ளி திறக்கும்வரை என் இடத்தைக் காலியாக வைத்திருக்கச் சொல்கிறேன் என்றாள்.

வந்த பிறகுதான் தெரிந்தது, மொழி ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது என்று. பஸ் நிறுத்தத்தில் ஒழுங்காக வரிசையில் நிற்பேன். எனக்குப் பின்னால் வரிசையே இருக்காது. மூன்று பஸ் போன பிறகு, வரிசை என்று ஒன்று என் மனதில்தான் இருக்கிறது என்று புரிந்தது. மளிகைக் கடைக்காரரிடம் மரியாதைக்கு "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால், அவர் கடைப் பையனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நாஸ்தாவா? ஆச்சும்மா" என்பார். எல்லாரும் எல்லாவற்றையும் கேட்டார்கள். ஏன் ஒரே பிள்ளை, அங்கே சோறு கிடைக்குமா, உனக்கு ஏன் முடி கொட்டுகிறது. மகளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மூன்றே மாதத்தில் "இன்னாம்மா, தண்ணி எங்க கீது?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குத்தான் ஊர் ஒட்டவில்லை.

தீபாவளி வந்தது. கிள்ளானில் நாங்கள் திறந்த இல்லம் வைப்போம். கதவைத் திறந்துவிட்டால் மலாய்க்காரர்கள், சீனர்கள், கணவரின் கூட்டாளிகள், கூட்டாளிகளின் கூட்டாளிகள் என்று சாயங்காலம் வரை வந்து சாப்பிட்டுப் போவார்கள். யாரையும் தனியாக அழைக்க மாட்டோம். தெரிந்தால் வர வேண்டியதுதான். கோவளத்தில் எங்கள் தெருவிலும் இந்து வீடு, கிறிஸ்தவ வீடு, முஸ்லிம் வீடு என்று எல்லாம் இருந்தன. இதைவிடப் பொருத்தமான தெரு எங்கே கிடைக்கும் என்று எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தேன். பெரிய தாளில், "தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பு. அனைவரும் வருக" என்று அழகாக எழுதி, ஓரத்தில் மகளைப் பூ வரையச் சொல்லி, கேட்டிலும் மின்கம்பத்திலும் ஒட்டினேன். தெரு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். ஏழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

"எல்லாருக்கும் சொல்லிட்டியா?" என்று கணவர் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். பதினைந்து வருடம் வெளியே இருந்த மனிதர், அதற்கு மேல் கேட்க அவருக்கும் தோன்றவில்லை.

விடியற்காலையிலேயே எழுந்து தேங்காய்ப்பால் சோறு, கோழிப் பிரட்டல், மீ கோரெங் நூடுல்ஸ், முட்டை சம்பல் எல்லாம் செய்தேன். முஸ்லிம் வீட்டார் தயங்கக் கூடாதென்று கோழியைப் பாய் கடையில்தான் வாங்கினேன். ஒரு குண்டான் நிறைய ரோஸ் சிரப் கரைத்து வைத்தேன். பதினொரு மணிக்குக் கதவை அகலத் திறந்துவிட்டு, புதுப் புடவையோடு கூடத்தில் உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. தெருவில் ஆட்கள் போனார்கள், வந்தார்கள். சிலர் திறந்த கதவைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுப் போனார்கள். மழைகூட இல்லை. பெய்திருந்தால் பழியை அதன்மேல் போட்டிருப்பேன். "யாருமே வர மாட்டாங்களாம்மா?" என்று மகள் கேட்டாள். ஒரு டம்ளர் சிரப்பை ஊற்றி அவள் கையில் கொடுத்தேன். இரண்டு மணிக்குத் தங்கைக்குச் செய்தி அனுப்பினேன். "என் இடத்தை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல். நான் வருகிறேன்."

மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா பின்பக்கமாக வந்தார். அன்று அந்தக் கதவையும் திறந்துதான் வைத்திருந்தேன்.

"இன்னா, வாசனை தெருவையே தூக்கினு போவுது? விருந்தாளிங்க வராங்களா?"

"உங்களுக்காகத்தான் சமைச்சேன்" என்றேன். குரல் உடைந்துவிட்டது. "இந்தத் தெருவுக்கே சமைச்சேன். ஒருத்தர்கூட வரல."

அக்கா குண்டான்களையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்களுக்கா? எப்ப கூப்ட்ட?"

"நோட்டீஸ் ஒட்டினேனே. குழுவிலயும் போட்டேனே."

"அது உன் நோட்டீசா? இல்லம் இல்லம்னு இருந்துச்சு, யாரோ மனை விக்கறான்னு நெனச்சேன். குருப்ல போட்டதப் பாத்தேன். தகவல் சொல்றன்னு நெனச்சேன். அது அழைக்கறதா?" அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "வூட்டுக்கு வரணும். மூஞ்சியப் பாத்து, நீ வரணும், உன் வூட்டுக்காரரும் வரணும், புள்ளைங்களையும் கூட்டினு வரணும்னு வாயால சொல்லணும். கூப்டாத வூட்ல போயி துன்னா எங்களுக்கு இன்னா மரியாத?"

"எங்க ஊர்ல தனியா கூப்பிட்டாத்தான் அக்கா, நம்மள வேத்து ஆளா நினைக்கிறாங்கன்னு கோவிச்சுக்குவாங்க."

"அது உங்க ஊரு. இங்க வந்து பத்து மாசமா கீற. ஒரு நாளாவது எங்க வூட்டு வாசப்படிய தாண்டி உள்ள வந்துகீறியா? கேட்டுக்கு வெளிய நின்னே பேசுவ. மலேசியாக்காரி நம்ம வூட்டுக்குள்ள வர மாட்டாடின்னு தெருவே சொல்லினு கீது."

நான் அதை நாகரிகம் என்று நினைத்திருந்தேன். அடுத்தவர் வீட்டுக்குள் கேட்காமல் கால் வைக்கக் கூடாது என்றுதான் பத்து மாதமும் கேட்டுக்கு வெளியே நின்றேன். அவர்களுக்கு அது திமிராகத் தெரிந்திருக்கிறது. இவர்கள் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று நான் குமைந்துகொண்டிருந்த அதே பத்து மாதமும், நான் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று இவர்கள் நினைத்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது.

"இப்ப என்னக்கா செய்யறது?"

"இன்னா செய்யறது, டப்பாவ எடு."

வீட்டிலிருந்த டப்பா, தூக்கு, டிபன் கேரியர் எல்லாவற்றிலும் சாப்பாட்டை நிரப்பினோம். முதலில் எதிர் வீட்டுப் பாய் வீடு. பழக்கதோஷத்தில் நான் வெளியே நின்று குரல் கொடுக்கப் போனேன். அக்கா என் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினார். அந்த வீட்டம்மா பாய் விரித்து உட்கார வைத்தார். கோழி எந்தக் கடையில் வாங்கியது என்று நான் சொன்னதும், மூடியைத் திறந்து ஒரு துண்டை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டார். "அழைச்சிருந்தா வந்துருப்போமே" என்றார். பதினோரு வீட்டுக்குப் போனோம். பதினோரு வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒன்றுகூட வெறுமனே வரவில்லை. ஒன்றில் நண்டுக் குழம்பு, ஒன்றில் சேமியா, ஒன்றில் வறுத்த கருவாடு. கருவாட்டுக்கு மூக்கைப் பொத்திய மகள் இப்போது அது இல்லாமல் பழைய சோற்றைத் தொடுவதில்லை. நானும் கதவுக்குத் தாழ் போடுவதை விட்டுவிட்டேன்.

ஆனாலும் தங்கைக்கு நான் அனுப்பிய செய்தி அப்படியே இருந்தது. டிசம்பரில் அவள், "தலைமையாசிரியை இந்த வாரக் கடைசிக்குள் முடிவு கேட்கிறார்" என்று எழுதினாள். கணவரிடம் கேட்டேன். "உனக்கு வாக்குக் குடுத்தேன். நீ சொல்றதுதான்" என்றார். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. குழம்பு கொடுத்து வாங்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்காக ஒரு நாட்டை விட்டு வர முடியுமா?

அந்தச் சமயத்தில் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில் கல்யாணம். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிட்டார்கள், பத்திரிகையும் அடித்து வந்துவிட்டது. அக்கா எப்போது தட்டோடு வந்து என்னை அழைப்பார் என்று நான் தினமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளை மாதிரிதான். கூடத்தில் நாலு நாற்காலியைத் துடைத்து வேறு வைத்திருந்தேன். "நீ வரணும்" என்ற அந்த அழைப்பு வார்த்தையை ஒருமுறை எனக்கென்று கேட்க வேண்டும் போலிருந்தது.

சனிக்கிழமை காலை அக்கா வந்தார். கையில் பத்திரிகைக் கட்டு இருந்தது. உட்காரக்கூட இல்லை.

"இன்னும் நைட்டியிலயா கீற? போயி பொடவ கட்டினு வா. திருவிடந்த பக்கம் பத்து வூடு கீது, அழைக்கணும்."

"எனக்குப் பத்திரிகை?" என்று கேட்டுவிட்டேன்.

"உனக்கு எதுக்குப் பத்திரிக?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்யாண வூட்டு ஆளுக்கு யாராவது பத்திரிக வெப்பாங்களா? கூட வந்து அழைக்கறவ நீ. தட்ட புடி, மணி ஆவுது."

நான் புடவை கட்டிய வேகத்தில் கொசுவம் கோணிக்கொண்டது. அக்காதான் சரிசெய்தார். வெற்றிலை, பாக்கு, கல்கண்டு வைத்த தட்டை என்னிடம் கொடுத்தார். ஷேர் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். முதல் வீட்டில் ஒரு அம்மாள் என்னைக் காட்டி, "இது யாரு?" என்றார். "எங்க வூட்டுப் பொண்ணு. மலேசியாவுல இருந்து வந்துகீது" என்றார் அக்கா. மூன்றாவது வீட்டிலிருந்து அழைப்பை என்னையே சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல்.

ஐந்தாவது வீட்டை விட்டு இறங்கும்போது போன் அடித்தது. தங்கை.

"என்னக்கா முடிவு? இன்னிக்குச் சொல்லியாகணும்."

"அந்த இடத்தை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லு" என்றேன். "நான் அழைக்கப் போய்க்கிட்டிருக்கேன். நம்ம வீட்ல கல்யாணம்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாளோ என்று எனக்கும் கண் கலங்கியது. தட்டை அக்கா வாங்கிக்கொண்டார்.

"இங்க பாரு, இதை நேர்ல வந்துதான் சொல்லணும். கடல் தாண்டி வர முடியல, கோவிச்சுக்காதே" என்றேன். "நீ வரணும். உன் வீட்டுக்காரரும் வரணும். பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வரணும்."