என் இருமலை இருமியது யார்?

“இன்னைக்குப் ‘பழைய தந்தம்’! நேத்தைவிட ஒரு படி வெளுப்பு!”

குளியலறையிலிருந்து கலர் அக்கா கூவுகிறார். கூடத்தில் ஒரு காலுக்கு மட்டும் சாக்ஸ் மாட்டியிருக்கும் அவருடைய கணவர், “கேட்டாச்சு, கேட்டாச்சு” என்றபடி நாட்காட்டியில் அன்றைய கட்டத்துக்குள் ‘ப.த.’ என்று எழுதுகிறார். மணி காலை ஆறேகால். அக்காவின் கையில் பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலும் முழ நீளத்துக்கு ஒரு குழாயும். குழாயை வாயில் வைத்துத் தண்ணீருக்குள் குமிழி பறக்கப் பத்து முறை ஊதுவார். பிறகு கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல ‘ஹா, ஹா’ என்று இரண்டு முறை. அதன்பின் இருமல். நெஞ்சின் அடியில் கிடக்கும் சளி மெல்லக் கிளம்பி மேலே வரும். வந்ததைச் சின்னக் கிண்ணத்தில் துப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, அதற்குப் பெயர் சொல்லிவிட்டுத்தான் கொட்டுவார்.

பெயர்களெல்லாம் அவர் வேலை பார்க்கும் பெயின்ட் கடையின் வண்ண அட்டையிலிருந்து வந்தவை. ‘பழைய தந்தம்’ என்றால் நல்ல நாள். ‘எலுமிச்சைத் தோல்’ என்றால் எச்சரிக்கை. ‘ஏரிப் பாசி’ என்றால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். ஒரு முறை வீட்டுக்கு வந்த உறவுக்காரர் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, “என்ன, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போறீங்களா?” என்று கேட்டாராம். பள்ளி வேன் ஓட்டுகிற கணவர் அதிகம் பேசாதவர். “ஆமா, உள்பக்கமா” என்றாராம்.

எனக்கு அக்காவைத் தெரியவந்தது ஒரு கதவால். என் வீட்டு நீலக் கதவின் கீழ்ப்பகுதி உரிந்துபோக, ஒரு சில்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு அம்மா. பக்கத்தில் பதினாறு மூக்குகள் வைத்த கலர் மெஷின். சில்லை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். “பதினோரு வருஷம் வெயில் பட்டிருக்கு. புதுசா இருந்தப்போ என்ன நீலமோ அது வேணுமா தம்பி, இல்ல இப்ப என்ன நீலமோ அதுவா?” என்றார். கதவு வைத்துப் பதினோரு வருடம் என்பது சரி. எந்த நீலம் என்பதை அவரிடமே விட்டுவிட்டேன். நான் அவரைவிட நான்கு வயது மூத்தவன் என்பதையும் சொல்லிப் பார்த்தேன். “இருந்துட்டுப் போங்க தம்பி” என்றுவிட்டார். அவரைவிடப் பத்து வயது மூத்த முதலாளியே அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

மெஷின் கணக்குப்படி கலரை ஊற்றும். ஆனால் பழைய சுவரோடு புதுப் பூச்சு சேர வேண்டுமென்றால் கண்தான் கணக்கு. வாடிக்கையாளர்கள் சட்டைப் பொத்தான் கொண்டுவருவார்கள், உடைந்த கோப்பை கொண்டுவருவார்கள், ஒருத்தி குழந்தையின் ஒற்றைச் சாக்ஸைக் கொண்டுவந்தாள். அக்கா ஒரு சொட்டு கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள் என்று சேர்த்துக் குலுக்கி, டப்பா மூடியில் ஒரு விரல் தீற்றி, முடி உலர்த்தும் கருவியால் காய வைத்து நீட்டுவார். “ஒட்டிப் பிறந்த ரெட்டை! வேணும்னா அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, அடையாளம் தெரியுதான்னு பார்ப்போம்!”

இந்த வாய் மூன்று வருடம் மூடிக் கிடந்தது என்றால் நம்ப முடிகிறதா? இருமல் வந்தால் பின்கட்டுக்கு ஓடிப்போய்க் குலுக்கும் மெஷினைப் போட்டுவிடுவாராம். அதன் கடகடப்பில் இருமல் வெளியே கேட்காது. உள்ளே காலி டப்பாவை வைத்தே அதை ஓட்டிய நாட்கள் உண்டு. “பெயின்ட் நெடி, தூசி, வேற ஒண்ணுமில்ல” என்று எல்லாரிடமும் ஒரே பாட்டு. நாத்தனார் வீட்டில் அவருக்கென்று தனி டம்ளர் வந்தது. எடை நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. கடைசியில் கணவர் ஒரு நாள் வேனை வீட்டுக்கு ஓட்டாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவிட்டார்.

“டி.பி.யான்னு கேட்டேன். ‘இது டி.பி. இல்லம்மா, டி.பி.யோட ஒண்ணுவிட்ட தம்பி’ன்னார் டாக்டர்” என்று அக்கா கதை சொல்வார். மண்ணிலும் தண்ணீரிலும் எங்கும் இருக்கிற கிருமி அது. மற்றவர்கள் நெஞ்சில் தங்காது. அக்காவுக்குச் சின்ன வயதில் வந்த நிமோனியா நுரையீரலில் குழி பறித்துவிட்டுப் போயிருந்தது. அதில் போய் உட்கார்ந்துகொண்டது. “வாடகையும் கிடையாது, அட்வான்ஸும் கிடையாது, காலி பண்ணுன்னா முறைக்கிறான்!” அடுத்தவருக்கு ஒட்டுகிற வியாதி இல்லை என்றும் டாக்டர் சொன்னார். அக்கா அதை எழுதித் தரச் சொல்லி வாங்கி, நாத்தனாரிடம் காட்டி, அந்தத் தனி டம்ளரைப் பரிசாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இப்போது அதில் பல் துலக்கும் பிரஷ் நிற்கிறது.

மூன்று வகை மாத்திரை. ஒன்றரை வருடமாவது சாப்பிட வேண்டும். அதில் ஒன்று சிறுநீரையும் கண்ணீரையும் ஆரஞ்சாக்கிவிடும் என்பதை யாரோ சொல்ல மறந்துவிட்டார்கள். முதல் நாள் காலை கழிப்பறையிலிருந்து வந்த அலறலில் கணவர் ஷேவிங் நுரையோடு ஓடி வந்தார். இரண்டாம் நாள் அதே இடத்திலிருந்து நிதானமான குரல் வந்தது: “ஏங்க, இது ‘சூரியகாந்தி நாலு’. ஒரு சொட்டு பழுப்பு சேர்த்தா ‘ஓட்டுச் சிவப்பு’!”

ஆனால் சிரிப்புக்குக் கூட ஆள் வேண்டுமே. வீட்டில் எல்லாரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். பரிதாபப்படுகிறவர்களிடம் ஜோக் சொல்ல முடியாது. அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது.

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண் இருபத்தெட்டு. உள்ளே இருபத்தேழு போயாகிவிட்டது. அப்போது நடைக்கோடியில் யாரோ இருமினார்கள். முதலில் இரண்டு குட்டி இருமல், ஒரு நிறுத்தம், பிறகு அடியிலிருந்து வாளி தூக்குவதுபோல ஒரு நீள இருமல், முடிவில் ஒரு சின்ன ‘க்கும்’.

“எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு தம்பி. அது என் இருமல்! அந்த ‘க்கும்’கூட என்னோடது! என் இருமலை யாரோ இருமுறாங்க!”

எழுந்து நடந்தார். “இருபத்தெட்டு, இருபத்தெட்டு” என்று நர்ஸ் கத்தியது காதில் விழவில்லை. எக்ஸ்ரே அறை தாண்டி, மருந்துக் கவுன்டர் தாண்டி, இருமலின் பின்னாலேயே போனார். மாடிப்படித் திருப்பத்தில் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவர், கழுத்தில் இன்னும் விசிலோடு, படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அக்காவுக்கும் நடந்த நடையில் இருமல் வந்துவிட்டது. இரண்டு குட்டி, ஒரு நிறுத்தம், ஒரு நீளம், ஒரு ‘க்கும்’.

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். பிள்ளைகள் எத்தனை என்று விசாரிப்பதுபோல, “எத்தனை வருஷம்?” என்று கேட்டார்.

“மூணு. உங்களுக்கு?”

“பதினாலு. மேல வாங்க, இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க.”

மேலே, பயிற்சி அறையில், எல்லா ஜன்னல்களும் திறந்திருக்க, ஒருவர் நெஞ்சிலிருக்கும் வேறு கிருமி இன்னொருவருக்குப் போகாதபடி, கை நீட்டினால் தொடாத தூரத்தில் நாற்காலிகள். ஆளுக்கொரு பாட்டில். சனிக்கிழமை பத்து மணிக்கு அவரவர் பாட்டிலில் குமிழி விடுவதும் ஊர்க்கதை பேசுவதும்தான் சங்கத்தின் வேலை. பஸ் கண்டக்டர் ஒருவர். விசில் ஊத மூச்சில்லாமல் தகரத்தைத் தட்டி வண்டியை நிறுத்துகிறவர். தையல்கார அம்மா ஒருவர். இருமும்போது தையல் கோணிப்போகாமல் இருக்க மெஷினிலிருந்து காலை எடுக்கப் பழகியவர். அக்கா அடுத்த சனிக்கிழமையே கடையிலிருந்து வண்ண அட்டையைக் கொண்டுவந்து சுவரில் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து அந்த அறையில் யாரும் “சளி மஞ்சளா, பச்சையா” என்று மொட்டையாகப் பேசுவதில்லை. “எனக்கு ‘எலுமிச்சைத் தோல்’, ஓரத்துல லேசா பாசி” என்று கண்டக்டர் சொல்ல, “ரெண்டு கோட்டிங் அடிச்சிருப்பாங்க” என்று தையல்கார அம்மா பதில் சொல்வார். டாக்டரும் வேறு வழியில்லாமல் ஒரு அட்டை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்.

மாஸ்டர் ஒரு நாள் அக்காவின் மாத்திரைப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “கண்ணை ஒண்ணொண்ணா மூடிப் பார்க்கறீங்களா?”

“எதுக்கு?”

“இந்த மாத்திரை சில பேருக்குக் கண் நரம்பைத் தொடும். முதல்ல சிவப்பு வெளுக்கும். ரெண்டு கண்ணையும் திறந்தே பார்த்தா தெரியாது. நல்ல கண்ணு கெட்ட கண்ணோட குத்தத்தை மறைச்சுடும், மாமியார் முன்னாடி புருஷன் மாதிரி.”

அக்கா சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஒவ்வொரு கண்ணாக மூடி, அட்டையின் சிவப்பு வரிசையைப் பார்த்தார். மாதங்கள் நல்லபடியாகப் போயின. ஐந்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வலது கண்ணை மூடினார். சிவப்பு வரிசை முழுவதும் யாரோ தண்ணீரில் அலசிப் போட்டதுபோல வெளுத்திருந்தது.

இந்த ஒரு இடத்தில் மட்டும் அக்கா கதையை மெல்லச் சொல்வார். மாத்திரையை நிறுத்தினால் கிருமி தலைதூக்கும். நிறுத்தாவிட்டால் கண் போகும், கண்ணோடு வேலையும் போகும். வாயைத் திறக்காமல் கடைக்குப் போனார். அன்றைக்கு ஒரு பொம்மைக் கடையின் கதவுக்குச் சிவப்பு கலக்க வேண்டியிருந்தது. எந்தக் கண்ணை நம்புவது என்று தெரியாமல் வலது கண்ணை மூடி மூடிப் பார்த்து, இன்னும் ஒரு சொட்டு, இன்னும் ஒரு சொட்டு என்று விட்டுக்கொண்டே இருந்தார். முதலாளி எட்டிப் பார்த்து, “அக்கா, பொம்மைக் கடைன்னாங்க, கசாப்புக் கடை மாதிரி இருக்கே” என்றார். நாலு நாள் கண் விஷயத்தை மனசுக்குள் வைத்துப் புழுங்கினார்.

சனிக்கிழமை பாட்டிலில் குமிழி விட்டார், பேசவில்லை. தையல்கார அம்மாதான் கண்டுபிடித்தார். “கலர் பேசல. என்னமோ ஆகிப்போச்சு.”

சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். “இப்பவே டாக்டர்கிட்ட. நடங்க.” ஏழு பேரும் கிளம்பினார்கள். இருபத்திரண்டு படி. ஏழு பழுதான நெஞ்சுகள் அதில் இறங்க ஒன்பது நிமிடம் ஆனது. ஆறாவது படியில் கண்டக்டர் உட்கார்ந்தார். “வண்டி நிக்கும், யாரும் இறங்காதீங்க” என்றார். சிரித்தார்கள், சிரித்ததால் இருமினார்கள், இருமியதால் இன்னும் இருவர் உட்கார்ந்தார்கள். கீழே டோக்கன் கொடுக்கும் பெண் இந்த ஊர்வலத்தைப் பார்த்து மிரண்டு, “யாருக்கு உடம்பு சரியில்ல?” என்று கேட்டாள்.

ஏழு பேரும் கையைத் தூக்கினார்கள்.

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கைக்குட்டையெல்லாம் ஆரஞ்சு.

டாக்டர் அன்றைக்கே அந்த மாத்திரையை நிறுத்தி வேறு ஒன்று மாற்றினார். கண் டாக்டர், “சரியான நேரத்துல வந்துட்டீங்க. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா நான் எதுவும் செஞ்சிருக்க முடியாது” என்றார். சிவப்பு திரும்ப நாலு மாதம் பிடித்தது. அதுவரை முதலாளி சிவப்பு கேட்டு வந்தவர்களிடம், “எங்க அக்கா சிவப்பு மட்டும் லீவுல விட்டிருக்காங்க” என்று சொல்லிச் சமாளித்தார். ஒரு காலை வலது கண்ணை மூடியபோது அட்டையில் முதல் சிவப்பு பளிச்சென்று எழுந்து நின்றது. அக்கா ஆறு பேருக்கும் போன் போட்டார். ஏழாவதாக நாத்தனாருக்கும் போட்டார். காலை ஐந்தே முக்காலுக்கு.

கிருமி முழுதாகப் போய்விடவில்லை. ஒரு மாதம் ரிப்போர்ட் சுத்தமாக வரும், அடுத்த மாதம் மறுபடி தலை நீட்டும். எடை நாற்பத்தைந்துக்கு ஏறியிருக்கிறது. கடையில் இருமல் வந்தால் நின்ற இடத்திலேயே இருமுகிறார். வாடிக்கையாளர் ஒதுங்கினால், “பயப்படாதீங்க, இது ஒட்டாது. பெயின்ட்தான் ஒட்டும்” என்கிறார்.

போன சனிக்கிழமை என்னையும் சங்கத்துக்குக் கூட்டிப்போனார். பாட்டில் இல்லாத ஒரே ஆள் நான்; எல்லாரும் என்னைக் கொஞ்சம் இளப்பமாகப் பார்த்தார்கள். நடுவில் ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். முப்பது வயது இருக்கும், ஏதோ அலுவலக அடையாள அட்டை கழுத்தில். மாஸ்டர் நாற்காலி காட்ட, நுனியில் உட்கார்ந்தார். பெரிய தோள்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தார். கண் அடிக்கடி கதவுக்குப் போய்வந்தது. இருமலை அடக்கி அடக்கி முகம் கன்றியிருந்தது. “நான் சும்மா பார்த்துட்டுப் போலாம்னுதான்...” என்றார்.

அப்போது அக்கா, கண்டக்டரின் அன்றைய சளி ‘வெண்ணெய்’யா ‘பழைய தந்தமா’ என்று அவரோடு தலைபோகிற சண்டையில் இருந்தார். நாற்காலியிலிருந்து பாதி எழுந்து கையை நீட்டி அந்தப் பெண்ணின் மடியிலிருந்து பையை எடுத்தார். தன் நாற்காலிக்கு அடியில் தள்ளினார். பையின் வார் மேல் காலை வைத்துக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தார்.