சிவப்பு வெளிச்சம்

ஒளிமின் விளைவு எனக்குப் புரிந்தது என் தோழி கலாவின் வீட்டு வாசலில்.

பிளஸ் டூவில் அந்தப் பாடம் எனக்கு ஏறவே இல்லை. வேப்பந்தட்டை பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி கலா எத்தனையோ தடவை சொன்னாள்: "சிவப்பு வெளிச்சத்த எவ்ளோ கூட்டி அடிச்சாலும் உலோகத்துலேர்ந்து ஒரு எலக்ட்ரான்கூட வெளிய வராதுடி. ஊதான்னா கொஞ்சூண்டு போதும். எவ்ளோ அடிக்கிறோங்கறது இல்லடி, எந்த வெளிச்சங்கறதுதான் கணக்கு."

"அதெப்படி? நெறைய அடிச்சா வந்துதானே ஆவணும்?" என்று நான் சண்டை பிடிப்பேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம் பேசி, படிப்பை நிறுத்திவிட்டார்கள். நான் போய் அவள் அப்பாவிடம் கெஞ்சினேன். சிரித்து அனுப்பிவிட்டார். ஒருத்தியாகப் போனதால்தான் என்று நினைத்து, மறுநாள் வகுப்பையே கூட்டிக்கொண்டு போனேன். எல்லோரும் அழுதோம். அவர் கோபப்படக்கூட இல்லை.

"பதினெட்டும் முடிஞ்சிருச்சு பாப்பா. நல்ல எடம், விட்டா கெடைக்காது. எல்லாரும் டீ குடிச்சிட்டுப் போங்க."

டீத் தட்டோடு கலாதான் வந்தாள். என்னிடம் நீட்டும்போது மெல்லச் சொன்னாள்: "பாத்தியா? சிவப்ப எவ்ளோ கூட்டுனாலும் இவ்ளோதான்டி."

டம்ளர் கையைச் சுட்டது. அந்த நொடியில் பாடம் முழுக்கப் புரிந்துவிட்டது.

பொதுத்தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. ஒரு வரி விடாமல் எழுதினேன். எனக்கு முன்னால் இருந்த பெஞ்சில் கலாவின் பதிவெண் மட்டும் ஒட்டியிருந்தது.

ஊதாவுக்கு நாங்கள் எங்கே போவோம் என்பது மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை.