உறுமி புகாத அறை

தைப்பூசம் நெருங்கினால் புக்கிட் பெருந்துங்கில் எங்கள் எதிர்வீட்டில் உறுமி மேளப் பயிற்சி ஆரம்பமாகிவிடும். அடிப்பவர்களும் ஷிப்டு வேலைக்காரர்கள்தான். பகலில்தான் அவர்களுக்கு ஒழியும்.

என் வீட்டுக்காரருக்கும் பகலில்தான் தூக்கம். செரண்டா தொழிற்சாலையில் இரவு வேலை. அந்த வருடத் தைப்பூசத்துக்குச் சில வாரங்களுக்கு முன், வேலை முடிந்து வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலேயே கண்ணசந்து சாலையோரப் புல்லில் விழுந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு மட்டும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று அவர் சிரித்தார். அன்றிலிருந்து அவர் தூக்கத்துக்கு நான்தான் காவல்.

எதிர்வீட்டில் போய்ச் சொல்லியிருக்கலாம். சாமி காரியம், நிறுத்தச் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால் சுவரோடு மல்லுக்கு நின்றேன்.

முதலில் முட்டை அட்டை. சாப்பாட்டுக் கடை பாய் கட்டுக் கட்டாய்க் கொடுத்துவிட்டு, "எதுக்குக்கா இவ்வளவு? கோழிப் பண்ணை வைக்கிறீங்களா?" என்றார். படுக்கையறைச் சுவர் முழுக்க ஒட்டினேன். அறைக்குள் பேசினால் வந்த எதிரொலி அடங்கியது உண்மைதான். ஆனால் உறுமி முன்பைவிடத் தெளிவாக, அடி அடியாய் உள்ளே வந்தது. மெத்தென்றிருப்பது அறைக்குள் பிறக்கும் சத்தத்தைத்தான் விழுங்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனமும் வேண்டும், இடுக்கும் இருக்கக்கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. அட்டை அத்தனையும் குப்பைக்குப் போனது.

விடுவேனா? ஜன்னலைப் பஞ்சுப் பாளத்தால் அடைத்து, மேலே இரண்டடுக்கு ஜிப்சம் பலகை. கனமான கதவு, சுற்றிலும் ரப்பர் பட்டை. கதவைச் சாத்தினால் உறுமி இருந்த இடம் தெரியவில்லை. ஜெயித்துவிட்டேன்.

ஆனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அரிசி களைந்துகொண்டே இருப்பேன். ஏன் இவ்வளவு அமைதி? முன்பெல்லாம் இருமல், புரளல், கட்டில் முனகல் எல்லாம் கேட்கும். இப்போது ஒன்றுமில்லை. ஈரக்கையோடு ஓடுவேன். கதவைத் தள்ளினால் ரப்பர் 'பொளக்' என்று விடும். மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு மூடுவேன். துணி மடிக்கும்போது மறுபடி ஓடுவேன்.

ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது அவர் கண் இரண்டும் கோவைப் பழமாகச் சிவந்திருந்தன.

"உறுமி இன்னும் கேக்குதாங்க?"

"உறுமியா? தோட்டத்து லயத்து வரிசை வீட்டுல பொறந்தவன் லா நான். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கல்யாணமே நடந்தாலும் தூங்குவேன். நீதான் கதவத் தொறந்து தொறந்து எழுப்பிவிடுற." ஹெல்மெட்டை மாட்டப் போனவர் நிறுத்தினார். "செத்துட்டேனான்னு பாக்குறியா?"

"ஆமா" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டாரைக் கிளப்பினார்.

மறுநாள் காலை வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுக்கப் போனபோது நானும் பின்னாலேயே போனேன்.

"சமைக்கலையா?"

"அப்புறம் பாத்துக்கலாம்."

அந்தக் கதவை முதல் முறையாக உள்ளிருந்து சாத்தினேன். எதிர்வீட்டில் எப்போது உறுமியை எடுத்தார்களோ, எனக்குக் கேட்கவில்லை. இருட்டில் அவர் மூச்சு மட்டும், பக்கத்திலேயே, சீராகக் கேட்டது. எழுந்து போய்ப் பார்க்க இனி ஒன்றுமில்லை.