முதல் சவாரியும் சர்வரும்

பிற்பகல் இரண்டரை மணி, பன்னிரண்டு பேர், எட்டியப்பன். கேளம்பாக்கத்தில் நான் வேலை பார்த்த கேம் சென்டரின் ஒரு நாள் இதற்குள் அடங்கிவிடும். இந்தத் தொழிலில் மெஷினைப் போடுவது யாருக்கும் வரும், அணைப்பதற்குத்தான் சம்பளம். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ‘நேரம் முடிந்தது, எழுந்திருங்கள்’ என்று சொல்லிப் பார்த்த எல்லோருக்கும் இது தெரியும். 2006 முதல் 2008 வரை நானும் சொல்லிப் பார்த்தேன்.

மெயின்

எங்கள் முதலாளி தணிகாசலம் அதற்கு முன் திருக்கழுக்குன்றம் பக்கம் ரைஸ் மில் வைத்திருந்தவர். மில்லை நிறுத்த ஒரே வழி, மெயின் சுவிட்சைக் கீழே இழுப்பது. கடையிலும் அதையே செய்தார். கடையில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள்; பன்னிரண்டிலும் ஒரே துப்பாக்கிச் சண்டை. அதை நடத்திவைக்க மூலையில் இன்னொரு மெஷின் இருந்தது. அதுதான் சர்வர். ஆட்டமும் ஸ்கோரும் அதன் நினைவில் மட்டுமே இருக்கும். கரண்ட் போனால் அவை போய்விடும். சில சமயம் ஹார்ட் டிஸ்க்கும் கூடவே போகும்.

முதல் மாதமே இரண்டு டிஸ்க் போயின. முதலில் ஆட்டம், பிறகு சர்வர், கடைசியில்தான் மெயின் என்று அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: “மில்லுல மெயின இறக்குனா நெல்லு எங்கியும் ஓடிப்போவாதே தம்பி.”

பகல் கூட்டம்

காலையில் ஆபீஸ்காரர்களை ஏற்றி இறக்கிவிட்டால் ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு மாலை வரை வேலை குறைவு. ஏ.சி.க்காக எங்கள் கடைக்கு வருவார்கள். ஜங்ஷனில் இரண்டு ஸ்டாண்டு. கோவளம் ரோடு ஸ்டாண்டுக்கு எட்டியப்பன் தலைவர், வண்டலூர் ரோடு ஸ்டாண்டுக்கு ஜீவா. இருவருடைய வண்டிகளும் ஓடியது சிறுசேரிப் பக்கம்தான். காலையில் முன்வரிசையில் நிற்கும் வண்டி நிறைந்து போகும். பின்னால் நிற்பது பாதி காலியாகப் போகும். அந்த முதல் சவாரிக்காகத் தினமும் தகராறு, வாரம் ஒரு முறை போலீஸ் ஸ்டேஷன்.

யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை. ஆட்டத்தில் எந்த ஸ்டாண்டு ஜெயிக்கிறதோ, அதற்கு மறுநாள் முன்வரிசை என்று முடிவானது. ஸ்டாண்டுக்கு ஆறு பேர். நாலு மணிக்கு ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் என் திரையில் நிற்கும். இரண்டு தலைவர்களும் வந்து பார்த்து, இருவரும் ‘சரி’ என்ற பிறகே சர்வரை அணைப்பேன். ஒன்றரை வருடம் ஜங்ஷனில் அடிதடி இல்லை. ஏன் ஸ்டேஷன் பஞ்சாயத்தை விட்டீர்கள் என்று ஜீவாவிடம் ஒருமுறை கேட்டேன். “அங்க நாள் பூரா நின்னுகினே கெடக்கணும் அண்ணாத்த. இங்க சேர் கீது.”

மூன்று நிமிடம்

அணைப்பதற்கு மூன்று நிமிடம் முன்பு எல்லாத் திரையிலும் எச்சரிக்கை வரும். அடங்குவார்கள் என்று நினைத்துத்தான் அதை வைத்தேன். அதற்குப் பிறகுதான் வெறி ஏறும். ஸ்கோர் அழிந்தால் தோல்வியும் அழியுமே; தோற்கிற தரப்பு, கரண்ட் போகப் போகிறது, இப்போதே அணைத்துவிடு என்று கெஞ்சும்.

எட்டியப்பன் கெஞ்சியதில்லை. நாற்பது வயதைக் கடந்தவர். மவுஸ் அவர் கையில் நிற்காது. தலைவர் என்பதால் ஆடியே ஆக வேண்டும். ஒரு வாரம் தொடர்ந்து தோற்றார்கள். அவர் ஆட்கள் வெளியே நின்று அவரையே ஏசிக்கொண்டிருந்தார்கள். அவர் ‘சரி’ சொன்ன பிறகும் எனக்கு அணைக்கக் கை வரவில்லை. “அணைச்சுடு நைனா. பாத்துகினே இருந்தா மாறவா போவுது?” என்றார்.

பேட்டரி

2008-இல் தினமும் இரண்டு மணி நேர மின்வெட்டு. அதன் பிறகு கடையின் உயிர் யு.பி.எஸ். பேட்டரியில்தான் இருந்தது. டிசம்பரில் முதலாளியின் மகளுக்கு அரையாண்டுத் தேர்வு. நம் பகுதி வெட்டு இரண்டு மணிக்கே முடிந்துவிடுகிறதே என்று பேட்டரியை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அன்று நாலு மணிக்குச் சற்று முன் மறுபடியும் கரண்ட் போனது.

இருட்டில் இரண்டு தரப்பும் தாங்களே முன்னிலை என்றன. நான் கடைசியாகப் பார்த்தபோது கோவளம் ரோடு ஒரு புள்ளி அதிகம், இரண்டு நிமிடம் பாக்கி. அதை அப்படியே சொன்னேன். முடிவு சொல் என்றார்கள். என்னிடம் முடிவு இல்லை. முந்தைய நாள் வரிசையே இருக்கட்டும் என்று தலைவர்கள் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஆட்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலை இரண்டு ஸ்டாண்டும் ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தின. ஜாக்கி ராடு சுழன்றது. விலக்கப் போன எட்டியப்பனின் இடது மணிக்கட்டு உடைந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அடித்தது யார் என்று அவர் பேசவே இல்லை. ஸ்கோரை மட்டும் இன்னொரு தரம் கேட்டார். சொன்னேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி சொன்னார்: “ரெண்டு நிமிஷத்துல அவனுங்க அடிச்சு முந்தியிருப்பானுங்க நைனா. நாங்க ஆடுற லட்சணம் எனக்குத் தெரியாதா?”

இந்தத் தொழிலில் நான் கற்றது, போன கரண்ட் வரும், போன ஸ்கோர் வராது என்பதுதான். கிளட்சைப் பிடிக்கக் கை மடங்காமல், 2009 ஜூனில் எட்டியப்பன் ஆட்டோவை விற்றார்.