தும்மலுக்கு உயர்ந்த குடை

லிந்துலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்துபோன மருத்துவிச்சி, தூறலில்கூட குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கியே நடப்பார்.

மூத்தவன் பிறந்தபின், இருமினாலே, தும்மினாலே எனக்குச் சிறுநீர் கசிந்தது. சேலைக்கு மேல் கட்டிய படங்குச் சாக்குதான் ஈரத்தை மறைத்தது. கொழுந்து பறிக்கும் மலையில் சிரிக்கவே பயந்தேன். கடைசியில் மருத்துவிச்சியிடம் சொல்லிவிட்டேன்.

“மூத்திரத்த அடக்குற மாதிரி உள்ளுக்கு இழுத்துப் புடிச்சு, மெதுவா விடு புள்ள. கொழுந்தக் கூடையில போடுறப்பெல்லாம் செய்யி.”

“யாராச்சும் பாத்துட்டா, அம்மா?”

“இப்ப நானும் அதத்தான் செஞ்சிக்கிட்டு நிக்கிறேன். தெரிஞ்சிச்சா?”

சில மாதம் கழித்து, மலையில் பெருந்தும்மல் வந்தது. சேலை நனையவில்லை. கீழே ரோட்டில் அவர் போய்க்கொண்டிருந்தார்.

“அம்மா, தும்மிட்டேங்க!” என்று கத்தினேன்.

கங்காணி உட்பட எல்லோரும் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். அவரோ நின்று, குடையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஆட்டினார். அன்றும் அதை விரிக்கவில்லை.